அப்பாவின் இரண்டாம் கல்யாணத்தில் பிள்ளைகளைக் காணோம்: யூதர்களின் ஓர் எழுதாத வழக்கம்

யூதக் கல்யாணத்தில் முக்கியமான எல்லாமே ஹூப்பாவின் கீழேதான் நடக்கும். ஹூப்பா என்பது நான்கு கம்புகளில் பிடித்த ஒரு துணிப் பந்தல். அதன் கீழே மாப்பிள்ளை பெண்ணின் விரலில் மோதிரம் போடுவார், கெதுபா என்ற திருமண ஒப்பந்தத்தை உரக்கப் படிப்பார்கள், ஏழு ஆசிகள் சொல்வார்கள், கடைசியில் மாப்பிள்ளை ஒரு கண்ணாடிக் கோப்பையைக் காலால் மிதித்து உடைப்பார். பந்தலைச் சுற்றி நெருங்கிய சொந்தங்கள் அத்தனை பேரும் நிற்பார்கள். ஆனால் மாப்பிள்ளை மனைவியை இழந்து மறுமணம் செய்துகொள்பவராக இருந்தால், சில குடும்பங்களில் அந்தக் கூட்டத்தில் சிலரைக் காணமுடியாது. அவர் பெற்ற பிள்ளைகளைத்தான்.

கோபித்துக்கொண்டு போனவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 'அப்பா, தனியா எத்தனை நாள் இருப்பீங்க' என்று பேச்சை முதலில் எடுத்ததே மூத்த மகளாக இருக்கலாம். ஹூப்பா முடியும்வரை வீட்டில் இருந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து அப்பாவைக் கட்டிக்கொள்பவர்கள் உண்டு. அதற்கும் வராமல் மறுநாள் போய்ப் பார்ப்பவர்களும் உண்டு. கேட்டால், எங்களில் அப்படித்தான், பெற்றவர்களின் இரண்டாம் கல்யாணத்தைப் பிள்ளைகள் பார்ப்பதில்லை என்பார்கள். அம்மா மறுமணம் செய்தாலும் இதே பதில்தான்.

இந்த வழக்கத்தைப் பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பிய வேர்கள் கொண்ட அஷ்கெனாசி யூதர்களிடம்தான் பார்க்கலாம், அதிலும் ஆசாரமான குடும்பங்களில். மற்ற யூதர்கள் பலர் இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

சரி, இது எங்கே எழுதியிருக்கிறது? யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூத்தில் இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் தொகுத்த சட்டநூலில் இல்லை. 1565-இல் வெனிஸில் அச்சான யோசேப் காரோவின் ஷுல்ஹான் ஆரூக்கிலும் இல்லை. இந்தக் கடைசி நூல் எதையும் விட்டுவைக்கிற நூல் கிடையாது. காலையில் எழுந்ததும் எந்தக் காலில் முதலில் செருப்பு போடுவது (வலது), எந்தக் காலின் வாரை முதலில் கட்டுவது (இடது) என்பதுவரை சொல்லும். அப்படிப்பட்ட நூல் பெற்றவரின் மறுமணத்துக்குப் பிள்ளை போகலாமா என்ற விஷயத்தில் வாய் திறக்கவில்லை.

யூதர்கள் கட்டாயச் சட்டத்தை ஹலாகா என்பார்கள், பரம்பரை வழக்கத்தை மின்ஹாக் என்பார்கள். 'இஸ்ரவேலின் மின்ஹாக்கும் தோராவே' என்று ஒரு பழமொழியே உண்டு. தோரா என்றால் மோசேயின் வேதச் சட்டம்; வழக்கத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரு வழக்கமும் ஒரு சட்டமும் நேருக்கு நேர் மோதினால் பொதுவாகச் சட்டம்தான் ஜெயிக்கும். இங்கே மோதும் சட்டம் சாதாரணமானது இல்லை. பத்துக் கட்டளைகளில் ஒன்றான 'உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக' என்பதுதான் அது.

மறுமணத்தைப் பற்றிச் சட்டநூல்கள் பேசவே இல்லையா என்றால், நிறையப் பேசுகின்றன. அந்தப் பேச்சு முழுக்கப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் சுவாரசியம்.

மனைவியை இழந்தவர் மூன்று பண்டிகைகள் கழியும்வரை மறுமணம் செய்யக் கூடாது என்கிறது தல்மூத். பெசாக் என்ற பாஸ்கா, ஷவுவோத் என்ற வாரங்களின் பண்டிகை, சுக்கோத் என்ற கூடாரப் பண்டிகை ஆகியவைதான் கணக்கு. புத்தாண்டும் பாவநிவாரண நாளும் இதில் சேராது. ஏன் மூன்று? உரைகாரர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். துணையில்லாமல் மூன்று பண்டிகையைக் கழித்தால்தான் இழப்பு உறைக்கும் என்பது ஒன்று. அதற்குள் முதல் மனைவியின் நினைவு கொஞ்சம் ஆறிவிடும், புதியவளை அவளோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டான் என்பது இன்னொன்று. ஒன்று நினைவில் வைக்கச் சொல்கிறது, மற்றது மறக்கச் சொல்கிறது. எனக்கு இரண்டுமே உண்மையாகத்தான் படுகிறது.

இந்த விதிக்கு விலக்கு உண்டு. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால், மூன்று பண்டிகை காத்திருக்க வேண்டாம். தல்மூத் இதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறது. யோசேப் என்ற ஆசாரியர் குலத்தவரின் மனைவி இறந்துபோனாள். அடக்கம் நடந்த கல்லறையிலேயே அவர் மனைவியின் தங்கையைப் பார்த்து, 'போய் உன் அக்காவின் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்' என்றாராம். கல்லறை மண் காயவில்லை, அடுத்த கல்யாணம் முடிவாகிவிட்டது. ஆனால் நெடுநாள் அவர் அவளை நெருங்கவில்லை என்றும் உடனே சேர்த்துச் சொல்கிறார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சித்தியே அம்மாவாகிறாள். அவர்களைக் கல்யாணத்துக்கு அழைத்தார்களா என்ற கேள்வியே அங்கே எழவில்லை, அவர்களுக்காகத்தான் கல்யாணமே.

அம்மா பக்கம் கணக்கு தலைகீழ். விதவையோ விவாகரத்தானவளோ முதலில் 90 நாள் காத்திருக்க வேண்டும். வயிற்றில் குழந்தை இருந்தால் யாருடையது என்ற சந்தேகம் வரக் கூடாது. கைக்குழந்தை இருந்தால், அதற்கு 24 மாதம் ஆகும்வரை மறுமணம் கூடாது. மறுபடி கர்ப்பமானால் பால் வற்றிவிடும். சொந்தத் தகப்பன் என்றால் முட்டையும் பாலும் வாங்கிக் கொடுத்துக் குழந்தையை வளர்ப்பான், வேறொருவன் பிள்ளைக்கு அந்தச் செலவைச் செய்வானா என்று தல்மூத் வெளிப்படையாகவே கேட்கிறது. ஆக, அதே சின்னப் பிள்ளை அப்பாவின் கல்யாணத்தை முன்னால் தள்ளுகிறது, அம்மாவின் கல்யாணத்தைப் பின்னால் இழுக்கிறது.

வளர்ந்த பிள்ளைகளின் நிலை வேறு. இங்கேதான் இந்த வழக்கத்தின் வேர் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

துக்கம் காப்பதில் யூதச் சட்டம் ஆளுக்கொரு அளவு வைத்திருக்கிறது. மனைவிக்கோ கணவனுக்கோ 30 நாள். பெற்றோருக்கு மட்டும் 12 மாதம். அதில் 11 மாதம் மகன் தினமும் ஜெபக்கூடத்தில் காதிஷ் என்ற ஜெபத்தைச் சொல்வான். அந்த ஆண்டு முழுக்கக் கல்யாண விருந்து, இசை, நடனம் எதிலும் கலந்துகொள்ள மாட்டான். இப்போது ஒரு வீட்டில் அம்மா பெசாக்கிற்குச் சில நாள் முன்னால் இறந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்–ஏப்ரலில் பெசாக், ஏழு வாரம் கழித்து ஷவுவோத், செப்டம்பர்–அக்டோபரில் சுக்கோத். ஏழு மாதத்துக்குள் அப்பாவுக்கு மூன்று பண்டிகையும் முடிந்துவிடும், அவர் கல்யாணம் செய்யலாம். மகனுக்கோ இன்னும் நாலைந்து மாதத் துக்கம் பாக்கி. காலையில் அம்மாவுக்குக் காதிஷ் சொன்னவன் மாலையில் அப்பாவின் கல்யாண விருந்தில் எப்படி உட்காருவான்? துக்கத்தில் இருப்பவர் நெருங்கியவர் வீட்டுக் கல்யாணத்தில் பரிமாறுகிறவராக நின்று கலந்துகொள்ள அஷ்கெனாசிகளிடம் ஒரு வழி உண்டு. அப்பாவின் கல்யாணத்தில் அந்த வேலையைச் செய்ய எந்த மகனுக்கு மனம் வரும்?

இப்படிச் சில வீடுகளில் சட்டப்படியே வராமல் இருந்தவர்களைப் பார்த்து, துக்கம் முடிந்த வீடுகளிலும் 'பிள்ளைகள் வருவதில்லை' என்று ஆகியிருக்கலாம். இது என் ஊகம்தான்.

மக்கள் வாயில் புழங்கும் காரணங்கள் வேறு. இறந்தவருக்கு அவமரியாதை என்பார்கள். பிள்ளையின் கண்ணில் நீர் வந்தால் கல்யாண சந்தோஷம் கெடும் என்பார்கள். பெற்றவரை மாப்பிள்ளைக் கோலத்தில், மணப்பெண் கோலத்தில் பிள்ளை பார்ப்பது இரு பக்கமும் கூச்சம் என்பார்கள். இந்தக் கூச்சம் பெரிய காரணமா என்று கேட்பவர்களுக்கு யூதக் கல்யாணம் எப்படி நடக்கும் என்பது தெரியாது. மணப்பெண்ணின் முன்னால் ஆடிப்பாடி அவளைச் சந்தோஷப்படுத்துவது வந்தவர்கள் எல்லோருக்கும் கடமை. என்ன பாடுவது என்பதில் தல்மூத் காலத்திலேயே ஒரு வழக்கு நடந்தது. பெண் எப்படி இருக்கிறாளோ அப்படியே சொல்லிப் பாடு என்றது ஷம்மாய் என்ற அறிஞரின் வழிவந்த பள்ளி. எந்தப் பெண்ணானாலும் 'அழகும் அருளும் நிறைந்த மணப்பெண்' என்றுதான் பாட வேண்டும் என்றது ஹில்லேல் பள்ளி. ஹில்லேல் பக்கமே ஜெயித்தது. அம்மாவைப் புதைத்த மகள், வந்திருக்கும் புதியவளின் எதிரே நின்று, இவளைப்போல் அழகி உண்டா என்று பாடி ஆட வேண்டும். வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று அவள் நினைத்தால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அதோடு, அவர்கள் வராததால் சடங்கில் எதுவும் குறைந்துவிடாது. ஹூப்பாவுக்கு இரண்டு சாட்சிகள் கட்டாயம், ஆனால் சொந்தக்காரர்கள் சாட்சியாக முடியாது. மகன் வந்தாலும் அந்த இடத்தில் நிற்க முடியாது. இரண்டாம் கல்யாணம் எப்படியும் சின்னதாகத்தான் நடக்கும். முதல் கல்யாணத்துக்கு ஏழு நாள் விருந்தும் ஆசிகளும் என்றால், இருவருக்குமே மறுமணம் என்கிறபோது ஆசிகள் ஒரு நாளோடு சரி. கெதுபாவில் எழுதும் தொகை கன்னிப் பெண்ணுக்கு 200 சூஸ் (பழைய வெள்ளிக் காசு), விதவைக்கு 100. தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்ற நூலின் காலத்தில் கன்னிக்குப் புதன்கிழமை கல்யாணம், விதவைக்கு வியாழக்கிழமை. ஏன் வியாழன் என்று கேட்டால் பதில் மனிதத்தனமாக இருக்கும்: வேறு நாளில் வைத்தால் மாப்பிள்ளை மறுநாள் காலையே எழுந்து வேலைக்குப் போய்விடுவான், வியாழன் என்றால் வெள்ளியும் ஓய்வுநாளும் சேர்ந்து மூன்று நாளாவது அவளோடு இருப்பான். விதவையின் சந்தோஷத்துக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து நாள் எண்ணியிருக்கிறார்.

இனி மறுபக்கம். இந்த வழக்கத்துக்கு ஆதாரம் தேடி வேதநூல்களுக்குள் போனால் எதிரான கதைகள்தான் அகப்படுகின்றன.

மோசேயின் பெற்றோர் கதையை எடுத்துக்கொள்வோம். பிறக்கும் ஆண் குழந்தைகளையெல்லாம் நைல் நதியில் போடச் சொல்லிப் பார்வோன் ஆணையிட்டதும், இனிப் பிள்ளை பெற்று என்ன பயன் என்று அம்ராம் தன் மனைவி யோகெபேத்தை விலக்கிவிட்டார். அவர் பெரிய மனிதர். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலக்கினார்கள். மகள் மிரியாம் வந்து சொன்னாள்: 'அப்பா, உங்கள் ஆணை பார்வோனின் ஆணையைவிடக் கொடியது. அவன் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் விதித்தான், நீங்கள் பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து விதித்துவிட்டீர்கள்.' அம்ராம் மனம் மாறி யோகெபேத்தை மறுபடி மணந்தார். சும்மா அழைத்து வரவில்லை, முதல் கல்யாணம்போலப் பல்லக்கில் உட்காரவைத்தார். முன்னால் ஆடிக்கொண்டு போனவர்கள் மிரியாமும் அவள் தம்பி ஆரோனும். தேவதூதர்கள் 'பிள்ளைகளின் தாய் மகிழ்கிறாள்' என்ற வேதாகமத் துதிப்பாடல் வரியைப் பாடினார்கள் என்கிறது தல்மூத். இந்த மறுமணத்துக்குப் பிறகு பிறந்த மோசேயைவிட ஆரோன் மூன்று வயதுதான் பெரியவர். கணக்குப் போட்டால் அப்போது இரண்டு, இரண்டரை வயது இருக்கும். அவர் ஆடிய ஆட்டத்தை நாமே கற்பனை செய்துகொள்ளலாம்.

இது பெற்றவர்கள் இருவரே மறுபடி சேர்ந்த கதை, வேற்று ஆள் யாரும் உள்ளே வரவில்லை என்று எதிர்வாதம் வரும். நியாயம்தான். அப்படியானால் ஆபிரகாமின் மகன் ஈசாக்கைப் பாருங்கள். தாய் சாராள் இறந்த பிறகு, ஈசாக்கு லகாய்ரோயீ என்ற கிணற்றுப் பக்கத்திலிருந்து வருவதாக வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம் சொல்கிறது. அங்கே எதற்குப் போனான்? தன் தகப்பன் மணந்துகொள்வதற்காக சாராளின் பணிப்பெண்ணாக இருந்த ஆகாரை அழைத்து வரப் போனான் என்கிறது மித்ராஷ் என்ற பழைய வேத விளக்கத் தொகுப்பு. 11-ஆம் நூற்றாண்டின் ராஷியும் தன் உரையில் அதையே எடுத்து எழுதுகிறார். ஆபிரகாம் பிறகு மணந்த கேத்தூராளும் ஆகாரும் ஒருத்தியே என்பது இந்த மரபின் வாசிப்பு. தன் தாய் வீட்டைவிட்டுத் துரத்திய பெண்ணை, தாய் போன பிறகு மகனே தேடிப்போய் அப்பாவுக்குக் கட்டிவைக்க அழைத்து வருகிறான். அவன் ஹூப்பா முடியும்வரை வீட்டில் உட்கார்ந்திருந்திருப்பான் என்று நம்ப முடியவில்லை.

அப்புறம் யூதா ஹநாசியின் மரணப்படுக்கை. மிஷ்னாவைத் தொகுத்த அந்தப் பெரியவர் சாகும் நேரத்தில் மகன்களைக் கூப்பிட்டு, 'உங்கள் தாயின் மரியாதையில் கவனமாக இருங்கள்' என்றார். தல்மூத்தின் அறிஞர்கள் இதைக் கேட்டுப் புருவம் உயர்த்துகிறார்கள். தாயை மதிக்க வேண்டும் என்று தோராவே சொல்கிறதே, சாகும்போது இதைச் சொல்ல வேண்டுமா? பதில்: அவள் அவர்களைப் பெற்றவள் இல்லை, தகப்பனின் மனைவி. தகப்பன் உயிரோடு இருக்கும்வரை அவர் மனைவியையும், தாய் உயிரோடு இருக்கும்வரை அவள் கணவனையும் மதிப்பது கடமை என்பது சட்டம். பெற்றவர் போன பிறகு அந்தக் கட்டாயம் தளர்ந்துவிடும். அதனால்தான் அவர் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்றைய ரப்பிகள் (யூத மத குருக்கள்) பலர் நிற்கும் இடமும் இதுதான். கேள்வியோடு வரும் பிள்ளையிடம் அவர்கள் முதலில் விசாரிப்பது, அப்பா என்ன சொல்கிறார் என்று. 'நீ வந்தால்தான் எனக்கு நிம்மதி' என்று பெற்றவர் சொல்லிவிட்டால் எழுதாத வழக்கம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், போய் நிற்பதுதான் கனம்பண்ணுவது. அவருக்கே தர்மசங்கடம் என்றால் வராமல் இருப்பதே மரியாதை. பிள்ளையால் தாங்க முடியாது என்றால் ஹூப்பாவை விட்டுவிட்டு விருந்துக்கு வரலாம்.

கேட்டால் தீர்ந்தது. ஆனால் கேட்பதுதானே கஷ்டம். 'நான் வரட்டுமா' என்று மகன் கேட்டால், வராதே என்று எந்த அப்பா சொல்வார்? 'நீ வா' என்று அப்பா கூப்பிட்டால், அம்மா ஞாபகம் வருகிறது, முடியாது என்று எந்த மகள் முகத்துக்கு நேரே சொல்வாள்? இந்த இடத்தில்தான் வழக்கம் கைகொடுக்கிறது. எங்களில் பிள்ளைகள் போவதில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டால், யாரும் யாரையும் மறுத்ததாக ஆகாது. புதிதாக வந்தவளும் தன்னைப் பிடிக்காமல் வரவில்லை என்று நினைக்கத் தேவையில்லை. எந்த நூலிலும் இல்லாத ஒன்று இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு இந்த உபயோகம்தான் காரணம் என்பேன். கல்யாணத்துக்குப் பிறகும் இதே மாதிரி மௌன ஏற்பாடுகள் உண்டு. மறுமணம் செய்தவர் முதல் துணையின் நினைவு நாளைப் புதிய துணைக்கு முன்னால் வெளிப்படையாக அனுசரிப்பதைத் தவிர்க்கும் வீடுகள் இருக்கின்றன. அன்று விளக்கேற்றும் பொறுப்பு பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடும்.

விவாகரத்தான பெற்றோர் விஷயத்தில் இந்த வழக்கம் சரியாகப் பொருந்தாது. இறந்தவருக்கு மரியாதை என்ற காரணம் அங்கே இல்லை, இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் வேறொரு வலி இருக்கிறது. உபாகமம் 24-ஆம் அதிகாரத்தின்படி, கணவன் விலக்கிய பெண் வேறொருவனை மணந்துவிட்டால், அந்த இரண்டாமவன் இறந்தாலும் விலக்கினாலும், முதல் கணவன் அவளைத் திரும்ப மணக்கவே முடியாது. என்றாவது அம்மாவும் அப்பாவும் சேர்ந்துவிடுவார்கள் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, அம்மாவின் ஹூப்பா அந்தக் கதவைச் சட்டப்படி அடைத்துப் பூட்டும் நிமிடம். ஆசார வீட்டில் வளரும் பிள்ளைக்கு இது தெரிந்தே இருக்கும்.

அமெரிக்காவில் ஆசாரம் அவ்வளவு இறுக்கமாக இல்லாத ரிஃபார்ம், கன்சர்வேட்டிவ் யூதச் சபைகளில் காற்று வேறு பக்கம் வீசுகிறது. அங்கே ஹூப்பாவின் நான்கு கம்புகளை இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். இது புதிய குடும்பம், பிள்ளைகள் இல்லாமல் எப்படி என்பது அவர்கள் வாதம். அழகான ஏற்பாடுதான். ஆனால் கம்பைப் பிடித்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பையனிடம் யாராவது தனியாகக் கேட்டார்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அவனுக்குச் சொல்லித் தப்பிக்க ஒரு வழக்கம்கூட இல்லை.

ஆபிரகாமின் மறுமணத்தில் இன்னொரு மகனும் இருக்கிறான். கேத்தூராள்தான் ஆகார் என்றால், இஸ்மவேலுக்கு அது தன்னைப் பெற்ற இருவரும் மறுபடி சேர்ந்த நாள். அவன் அங்கே வந்திருந்தானா என்று ஆதியாகமம் சொல்வதில்லை. 25-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் கல்யாணம் நடக்கிறது, எட்டாவது வசனத்தில் ஆபிரகாம் இறந்துவிடுகிறார். ஒன்பதாவதில் ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்தே வந்து நின்று, மக்பேலா குகையில், சாராளின் பக்கத்தில், அவரை அடக்கம் செய்கிறார்கள்.